வெள்ளிக்கிழமை முள்

எண்பத்தொன்றாம் வருஷத்து டைரியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை வருஷத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. மாசியிலிருந்து ஆனி வரை உள்ள பக்கங்களில் பதினொரு வெள்ளிக்கிழமைகள் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கின்றன. வட்டம் போட்டவன் நான். ஆனால் போட்டது ஆடி மாதத்தில். அந்தந்த வாரமே போட்டிருந்தால் ஒரு பெண்ணின் பெயர் கெட்டிருக்காது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியில் பேட்டரி எலிமினேட்டர் செய்யும் சிறு பட்டறை இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தை ஆறு வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் கையகலப் பெட்டி அது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் பேட்டரி வாங்கி மாளாதவர்கள் வாங்குவார்கள். கடையநல்லூரில் துபாய், சவூதியிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் இல்லாத தெரு அப்போது குறைவு. அதனால் எங்கள் பெட்டிக்கு அங்கே நல்ல கிராக்கி. பட்டறையில் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். முதலாளி அதற்குமுன் உரக்கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தபால் வழியில் ரேடியோ படித்திருந்த என்னைப் பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலையில் வைத்திருந்தார்.

சோதனை எளிது. ஒவ்வொரு பெட்டியையும் மேசையில் மாட்டி, ரேடியோ இழுக்கும் அளவு மின்சாரத்தை இழுக்க வைத்து, இரண்டு மீட்டர்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும். வோல்ட் முள் ஐந்தரைக்குக் கீழே நின்றாலும் ஆறரைக்கு மேலே போனாலும் பெட்டி கழிவு. யார் செய்தது என்று தெரிய ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். கழிந்ததைக் கழிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, செய்தவரிடமே சரிபார்க்கத் திருப்பித் தர வேண்டும். அந்தப் புத்தகம் முழுவதும் என் கையெழுத்து.

மீட்டர் வாங்க அண்ணாச்சியும் நானும் தை மாதக் கடைசியில் மதுரைக்குப் போனோம். கடையில் அவர் நேராக முன்னூறு வோல்ட் வரை காட்டும் பெரிய மீட்டரில் போய்க் கை வைத்தார்.

“முன்னூறு வரைக்கும் காட்டுதது இருக்கும்போது பத்தோட நின்னு போறத எடுக்கச் சொல்லுதீரே. நாளைக்கு வேற சாமான் செஞ்சா என்னவே பண்ண?”

“அண்ணாச்சி, நமக்குப் பாக்க வேண்டியது ஆறு வோல்ட். இந்த மீட்டர்ல ஆறு வோல்ட் வச்சா முள் எந்திரிச்சுதா தூங்குதான்னே தெரியாது. லாரிய நிறுக்க எடைமேடையில கம்மல வச்சி நிறுத்தா என்ன காட்டும்?”

“எடைமேடைக்காரன் நம்மள அடிக்க வருவான்.”

“தங்கத்துக்குத் தனித் தராசுதான வச்சிருக்காவ. இதுவும் அப்படித்தான்.”

அவர் சிரித்துவிட்டார். பத்து வோல்ட்டோடு முடியும் மீட்டரும், அரை ஆம்பியரோடு முடியும் மீட்டரும் எடுக்க ஒப்புக்கொண்டார். அளக்க வேண்டிய அளவு முகப்பின் நடுவைத் தாண்டி விழ வேண்டும், அப்போதுதான் முள்ளின் சிறு அசைவும் கண்ணில் படும் என்பது நான் புத்தகத்தில் படித்தது. விலை குறைந்த வேறொரு வகையையும் கடைக்காரர் நீட்டினார். அது மாறுமின்சாரத்துக்கானது, எங்கள் பெட்டிக்கு ஆகாது என்று தள்ளினேன். எல்லாம் சரியாகவே செய்தேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசியாக முகப்பு. ஒரே அளவு காட்டும் மீட்டர் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று கறுப்பு இரும்புக் கூட்டில் கண்ணாடி பதித்தது, மின்சார ஆபீஸ் பலகையில் இருப்பதுபோல். மற்றது புதிது. முன்பக்கம் முழுவதும் தெளிந்த பிளாஸ்டிக்.

“இத எடுப்போம். பார்ட்டி வந்து பாத்தா கம்பெனி மாதிரி இருக்கும்” என்றார் அண்ணாச்சி.

முன்னூறு வோல்ட் சண்டையில் ஜெயித்த மிதப்பில் இருந்தேன். முகப்பு கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது அழகு சம்பந்தப்பட்டது, அது முதலாளியின் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்குப் பட்டறையில் பூஜை நடக்கும். சோதனை மேசைக்கு மேலேதான் சாமி படங்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சுண்டல் கொடுப்பார்கள். சால்டரிங் அயர்ன், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் மிஷின், மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கம்பி சுற்றும் வேலையிலிருந்த அக்காதான் பூஜைப் பொறுப்பு. அங்கிருந்த பெண்களில் அவர்தான் மூத்தவர், வாயும் அவருக்குத்தான் அதிகம். முந்தின வாரம் வைத்த சந்தனம் மீட்டர் முகத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும். நைலெக்ஸ் என்ற நைலான் சேலையின் பழைய துண்டால் அதை அழுத்தித் தேய்த்து, முகம் முழுவதையும் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் புதுப் பொட்டு வைப்பார்.

“பாருங்க சார், ஒங்க மொகத்தவிட மீட்டர் மொகத்துக்குக் களை வந்துட்டு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்.

ஒரு பெண் மட்டும் பூஜையில் நிற்பதில்லை. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர். கிறிஸ்தவப் பெண், பதினொன்றாம் வகுப்பு முடித்தவர், அப்போது வயது இருபத்து நாலு இருக்கும். பட்டறையில் ஈயப் பற்று அவ்வளவு சுத்தமாக வைக்கிற கை வேறு கிடையாது. பூஜையில் நிற்க முடியாது என்று சேர்ந்த அன்றே அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். அவரும், “ஒனக்கு சாமி வேற, ஈயம் ஒண்ணுதானம்மா. நீ வேலையப் பாரு” என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆகவே மற்றவர்கள் சூடம் தொட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டிருக்கும் அரைமணி நேரமும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பார். பூஜை முடிந்ததும் சோதனைக்கு முதலில் வரும் தட்டு அவருடையது. அன்றைக்கு மற்றவர்கள் தட்டு வரப் பதினோரு மணியாகும்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தட்டில் பத்துப் பெட்டிக்கு நாலு கழிந்தது. முள் ஐந்தே காலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நின்றது. எழுதினேன். அடுத்த வெள்ளியும் ஐந்து. அதையும் எழுதினேன்.

“சார், நேத்து வச்ச அதே கையிதான், அதே சாமான்தான்” என்றார்.

“நான் என்னம்மா செய்ய, முள் சொல்லுது” என்றேன்.

முள் சொல்லுது என்ற இந்த இரண்டு சொற்களை நான் சொன்னதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

கழிந்த பெட்டிகளை மத்தியானம் சரிசெய்து கொண்டுவருவார். எல்லாம் தேறிவிடும். பங்குனியில் ஒருநாள், “நான் இதுல ஒண்ணுமே தொடல சார். திறக்கக்கூட இல்ல. அப்படியே கொண்டு வந்து வச்சேன், நீங்க சரின்னு சொல்லுதீய” என்றார். என்ன பொருத்தமான சோதனையை அந்தப் பெண் செய்திருக்கிறார் என்று பாருங்கள். தபாலில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான், அது எனக்குத் தோன்றவில்லை. வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படியே டைரியிலும் எழுதியிருக்கிறேன்: ‘திறக்கவில்லை என்று சாதிக்கிறாள்.’ அந்த வரியை அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று அவர் லீவு. அன்று கழிவு இல்லை. சித்திரைக் கடைசியில் கோடை மழை பிடித்த ஒரு வெள்ளியிலும் இல்லை. மற்ற வெள்ளிகளில் பெரும்பாலும் மூன்று, நாலு. வைகாசி பிறந்ததும் பேச்சு ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கெடுகிறது, அவளுக்கு மட்டும் ஏன் கெடுகிறது.

“பூச நேரத்துல எதையாவது மொணங்கிக்கிட்டே ஈயம் வைப்பாளோ, ஏட்டி?” என்று கம்பி அக்கா ஒருநாள் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அடுத்த நாள் அது விளையாட்டாக இல்லை.

ஆனிக் கடைசி வெள்ளி. அன்று ஐந்து கழிந்தது. அண்ணாச்சி சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “போதும்மா. ஒனக்குப் பூச பிடிக்கலன்னா நிக்காத, நான் கேக்கல. அதுக்காக வெள்ளிக்கிழமை பாத்து வேணும்னே சாமானக் கெடுக்கப் பிடாது. கணக்க முடிச்சுட்டுக் கெளம்பு.”

அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க. நான் கெடுக்கேனா?”

நான் கழிவுப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். “எல்லாம் இதுல இருக்கு” என்றேன். பெரிய நீதிபதி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாயில்லாமல் புத்தகத்தைக் காட்டினேன்.

அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு வந்த மூன்று வெள்ளியும் ஒரு பெட்டிகூடக் கழியவில்லை. “பாத்தீரா வே? அவ போனா, எல்லாம் நேராயிட்டு” என்று அண்ணாச்சி ஒவ்வொரு வாரமும் சொன்னார். நானும் தலையாட்டினேன். பூஜையில் எல்லோரும் நிற்பதால் பதினோரு மணிக்குமுன் எந்தத் தட்டும் சோதனைக்கு வரவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறின வாரம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு கடையநல்லூர் வியாபாரி ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். வயதானவர், கேலியாகப் பேசுவார். முந்தின நாள் சோதித்துத் தேறி, கட்டுவதற்காக வைத்திருந்த தட்டை எடுத்தேன். அவர் கண்முன்னாலேயே ஒரு தடவை காட்டிவிடலாம் என்று முதல் பெட்டியை மாட்டினேன். ஐந்தே கால். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். மூன்றின் அடியிலும் ‘சரி’ என்று என் கையெழுத்து.

“என்ன சார், இன்னைக்கு ஜும்மான்னு ஒங்க மீட்டரும் லீவு போட்டுட்டா?” என்றார் அவர்.

பெட்டியைக் கழற்றிவிட்டு மீட்டர் பக்கம் குனிந்தேன். ஒன்றும் மாட்டாதபோது முள் சைபரில் நிற்க வேண்டும். சைபர் கோட்டுக்கு ஒரு நூலளவு கீழே, இடதுபக்கத்துத் தடுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. தள்ளி நின்று பார்த்தால் சைபர்போலவே தெரியும். முகப்பைச் சுட்டிக்காட்ட விரலைக் கொண்டுபோனேன். முள் விரலை நோக்கி நகர்ந்தது. பெட்டி இல்லை, கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. விரலுக்கு நகர்ந்தது.

முகப்பின்மேல் வாயை வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல் ஒரு மூச்சு விட்டேன். பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது. முள் மெல்ல எழுந்து சைபரில் வந்து நின்றது. அதே மூன்று பெட்டிகளையும் மாட்டினேன். மூன்றும் ஆறு வோல்ட்.

தலை சீவின சீப்பைக் காகிதத் துணுக்கிடம் கொண்டுபோனால் துணுக்கு தாவி ஒட்டுமே, அதுதான் விஷயம். நைலெக்ஸ் துணியால் காய்ந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அதில் மின்னேற்றம் தங்கும். அதற்குப் பின்னால் இருக்கும் முள் தலைமயிர்போல் லேசானது, அந்தப் பக்கம் இழுபடும். ஒரு மணி நேரத்தில் ஏற்றம் கசிந்துவிடும். மழைநாளில் தங்கவே தங்காது. கண்ணாடி முகப்பில் இந்தத் தொல்லை இவ்வளவு வராது. சீப்பும் காகிதமும் நான் ஆறாம் வகுப்பில் படித்த பாடம். தெரியாமல் இருந்திருந்தால்கூட மனது இவ்வளவு எரியாது.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் டைரியைப் புரட்டி வட்டங்கள் போட்டேன். பதினொரு வெள்ளி, நாற்பத்து மூன்று பெட்டி.

மறுநாள் அண்ணாச்சிக்குச் செய்து காட்டினேன். துடைத்தால் முள் இறங்கியது. ஊதினால் ஏறியது. அவரும் இரண்டு தடவை ஊதிப் பார்த்தார். அப்புறம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “சரிவே. இனிமே தொடைக்க வேண்டாம்னு அந்த அக்காகிட்டச் சொல்லிரும். இது நமக்குள்ள இருக்கட்டும்” என்றார்.

“அந்தப் பிள்ளை?”

“அது போயிட்டு. இப்பக் கூப்பிட்டா, பூசையினாலதான் கெட்டுதுன்னு ஊர்ல பேச்சாகும். எதுக்கு வம்பு?”

“அதும் பேரு கெட்டுக் கெடக்கே, அண்ணாச்சி.”

“பொம்பளப்பிள்ளைக்கு வேற வேல கெடைக்காதா? விடும்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் ஊருக்குப் பஸ் ஏறினேன். கோயில் ஆராதனை முடிந்து வந்த சேலையோடு வாசலில் நின்றார். உட்காரச் சொல்லி ஒரு முக்காலி போட்டார். கோவில்பட்டியில் இதேபோல ஒரு பட்டறையில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். முந்தின இடத்தை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். விசாரித்தால் அண்ணாச்சி என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் சீப்பு, காகிதம், நைலெக்ஸ், மூச்சு எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதையும் கேட்டார். “மீட்டர்தான் தப்பாச் சொல்லியிருக்கு” என்று முடித்தேன்.

“மீட்டருக்கு வாயி இருக்கா சார்? முள் சொல்லுது, முள் சொல்லுதுன்னு நீங்கதான சொன்னீய.”

நான் முக்காலியை விட்டு எழுந்தேன்.

“அங்கன அத்தன பேரு முன்னால வச்சிச் சொன்னாவ. இங்கன எங்க வீட்டு வாசல்ல வந்து ஒத்தையில சொன்னா அது எப்படி சார் சரியாகும்? அங்கன சொல்லுங்க. நான் வந்து நிக்கேன்.”

தபசு முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். கதவு நிலையருகே நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. மீட்டரைத் துடைக்க வேண்டாம் என்று நான் இன்னும் கம்பி அக்காவிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் தேய்த்துப் பொட்டு வைத்தார். சூடம் காட்டி முடிந்ததும், “எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்க” என்றேன். அண்ணாச்சி முறைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முந்தின நாள் தேறின பெட்டியை மாட்டினேன். ஐந்தே கால். ஊதினேன். ஆறு. அக்காவிடமே சேலைத் துண்டை வாங்கித் தேய்த்தேன். இறங்கியது. அவரையே ஊதச் சொன்னேன். ஏறியது.

அக்கா என் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏ சார், என் சேலையா இத்தன வேலையும் பாத்துச்சு?” என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “ஏட்டி, நான் தெரியாமப் பேசிட்டேன். மனசுல வைக்காத” என்றார். அவருக்குச் சொல்ல வாய் வந்தது.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “சரி, மீட்டர் செஞ்ச தப்பு. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லும்” என்று என்னிடம் சொன்னார். சொல்லப்பட வேண்டியவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். என்னிடம் சொல்கிறார்.

அந்தப் பெண் நேராகச் சோதனை மேசைக்கு வந்தார். “அந்தக் கழிவுப் புத்தகத்த எடுங்க சார்” என்றார். கொடுத்தேன். மாசி மாதப் பக்கத்தைத் திறந்து தன் எண்ணின்மேல் விரல் வைத்தார்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுதுதான்.”

“அப்ப நீங்களே எழுதுங்க.”

எழுதினேன். நாற்பத்து மூன்று வரிக்கும் எதிரே, ‘பெட்டி சரி. பார்த்தவன் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடியும்வரை நின்றார். எல்லோரும் நின்றார்கள். அன்றைக்குச் சுண்டல் ஆறிப்போயிற்று. எழுதினதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, “திங்கக்கிழமை வாரேன். அதுக்குள்ள கண்ணாடி மீட்டர் வாங்கி வைங்க” என்று சொல்லிப் படியிறங்கினார்.

சனிக்கிழமையே மதுரைக்குப் போய்க் கறுப்பு இரும்புக்கூட்டு மீட்டர்களை வாங்கி வந்தேன். திங்கட்கிழமை அவர் வந்தார். அதே ஜன்னலோரம் உட்கார்ந்தார். புதன்கிழமை நான் கழிவுப் புத்தகத்தைத் திறந்தபோது மாசி முதல் ஆனி வரையுள்ள தாள்கள் இல்லை. பிளேடால் தையலை ஒட்டி நறுக்கியிருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“அடிச்சுத் திருத்தின புத்தகத்தப் பார்ட்டி யாராவது பாத்தா என்னவே நெனைப்பான்?” என்றார்.

ஆகவே அந்தப் பக்கங்களில் இருந்ததை இங்கே திரும்பவும் எழுதுகிறேன். எண்பத்தொன்றாம் வருஷம் மாசி முதல் ஆனி வரை, பதினொரு வெள்ளிக்கிழமைகளில், ஜன்னலோரத்துப் பெண் செய்த நாற்பத்து மூன்று பெட்டிகளும் சரியாக இருந்தன. மீட்டரைத் தேர்ந்தெடுத்து வாங்கியவனும் முள்ளைப் பார்த்தவனும் நான். தவறு என்னுடையது.